மலைக்காரம்மாவின் முதல் பார்வை

கரும்பு அரைக்கும் பருவத்தில் கள்ளக்குறிச்சிக்கென்று ஒரு வாசனை உண்டு. விடியற்காலையில் ஆலைப் பக்கமிருந்து காற்று வீசினால், பாகு காய்கிற இனிப்பும் லேசான புளிப்பும் கலந்து ஊர்மேல் வந்து படுத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது கட்டுப் பிரிக்கிற நேரத்தின் வாசனை. முதல் நாள் அறுவை செய்த கண்களின் கட்டை மறுநாள் காலையில் பிரிப்போம். பனி விலகியும் விலகாமலும் இருக்கும். தாழ்வாரத்து நீள பெஞ்சில் ஆளுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பச்சைத் துணி போர்த்தி, பாதித் தூக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். அந்த இடத்தில் சத்தம் போடுகிற ஒரே ஆள் நான்தான்.

என் வாசல் பலகையில் 'கண் அறுவை சிகிச்சை ஆலோசகர்' என்று எழுதி வைத்திருந்தேன். சின்னசேலத்துக்காரர் ஒருவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வந்து, "ஆலோசனையெல்லாம் எனுக்கு எதுக்குங்க டாக்டரம்மா, கண்ணு தெரிஞ்சா போதுங்க" என்றார். அதுவும் சரிதான். பெரிய ஊர்களில் ஆலோசகர் என்றால் மெதுவாகப் பேசுவார், கைகளைக் கோத்துக்கொண்டு தலையாட்டுவார். நான் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பம். வயலின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிட்டே பழகின தொண்டை. போதாக்குறைக்கு வருகிற கேஸ்கள் அப்படி. கரும்பின் காய்ந்த இலை, அந்தச் சோகை, கண்ணைக் கிழித்திருக்கும். தாய்ப்பால் விட்டுப் பார்ப்பார்கள், தழைச்சாறு பிழிந்து பார்ப்பார்கள், கருவிழி வெள்ளையாகப் பூத்த பிறகு "லேசா உறுத்துதுங்க" என்று வந்து நிற்பார்கள். கத்தாமல் என்ன செய்வது? கத்துவேன். கத்திவிட்டு உட்கார வைத்துப் பார்ப்பேன்.

ஆனால் மைக்ராஸ்கோப்பின்முன் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் குரலே கிடையாது. கண் ஒன்று பெரிதாகி முன்னால் வந்து நிற்கும். வேறு உலகம் இல்லை. வெளியே பஸ் ஹாரன், மாட்டு வண்டி, பக்கத்து டீக்கடைச் சண்டை எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடக்கும். மூச்சைக்கூடப் பாதியாகத்தான் விடுவேன். முற்றின புரையை உள்ளேயிருந்து உருட்டி வெளியே எடுத்ததும், அதுவரை மங்கிக் கிடந்த கண்பாப்பாவுக்குள் ஒரு சிவந்த வெளிச்சம் மெல்ல எழும்பும். கண்ணின் பின்சுவரில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம் அது. எத்தனை வருஷம் பார்த்தாலும் அந்த நேரத்தில் எனக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது மறந்துபோகும். நர்ஸ் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "அம்மா, லென்ஸு" என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் திரும்பி வருவேன்.

மறுநாள் காலையில் அந்தக் கண்களெல்லாம் திறக்கும். திறந்ததும் அவர்கள் சொல்கிறவற்றை நான் வேலைக்கு நடுவே காதில் போட்டுக்கொண்டே இருப்பேன். ஒருவர் எதிர்ச் சுவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு அடிச்சி ரொம்ப நாளாச்சிங்களா?" என்று கேட்டார். திருக்கோவிலூரிலிருந்து வந்த ஒரு அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யாரு கை?" என்றாள். ஒரு மாட்டு வியாபாரி வானத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். புரையை எடுத்த கண்ணுக்கு நீலம் தூக்கலாகத் தெரியும். "இம்மாம் நீலமாத்தான் இருந்துதா எப்பவும்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை.

மலைக்காரம்மாவை நான் முதலில் பார்த்தது கல்வராயன் மலைமேல், வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் போட்ட ஒரு கண் முகாமில். லென்ஸ் வைக்கிற சிகிச்சை எங்கள் பக்கம் பரவ ஆரம்பித்த காலம் அது. கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணைத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு ஜீப் வளைந்து வளைந்து ஏறினால், ஒரு கட்டத்தில் சாலை மேகத்துக்குள் போய்விடும். டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுவார். பள்ளிக்கூடத்துக்குள்ளும் மேகம் வரும். ஜன்னல் வழியாக நுழைந்து, நாங்கள் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை மறைத்துக்கொண்டு நிற்கும். "தெரிலம்மா" என்பார் பார்வை சோதிக்க வந்தவர். எனக்கும்தான் தெரியவில்லை. மேகம் போகிறவரை எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்போம். யாரோ கடுக்காய் மூட்டையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்கும், ஆள் தெரியாது.

அப்படி ஒரு மேகம் கலைந்தபோதுதான் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒடிசலான உடம்பு, அறுபதுக்குப் பக்கமாக வயசு இருக்கும். வலது கண் முழுக்க வெள்ளை, செத்துப்போன கண். இடது கண்ணில் புளியங்கொட்டை நிறத்தில் முற்றின புரை. மகள் அவளுக்குப் பின்னால் நின்றாள். பார்வையில்லாதவர்களை அழைத்துவருகிறவர்கள் முன்னால் நடந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். இவள் தாயின் இரண்டு தோளிலும் கை வைத்துப் பின்னாலிருந்தே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். விசித்திரமாக இருந்தது. கேட்க நேரமில்லை.

"இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கத்தினேன். வழக்கம்தான்.

"அம்மா ஓடையில வுழுந்துட்டுது. அதுக்கப்புறந்தான் வரேன்னு சொல்லிச்சி" என்றாள் மகள்.

மலைக்காரம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "ஏன் இப்பிடிக் கூவற நீ? கண்ணுதான் போச்சி, காது நல்லாத்தான கீது" என்றாள். அவளுக்கு யாராயிருந்தாலும் 'நீ'தான். முகாமுக்கு வந்திருந்த பெரிய அதிகாரியையும் அப்படித்தான் பேசினாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் பயம். மிச்சமிருப்பது ஒரே கண். ஒற்றைக் கண் நோயாளி என்றால் எந்தக் கண் மருத்துவரும் கை வைக்கத் தயங்குவார். இது தவறினால் அவ்வளவுதான், வாழ்நாள் முழுக்க இருட்டு.

கீழே அழைத்துவந்து அறுவை செய்தேன். புரை கல்லாக இறுகியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் அந்தப் பழுப்பு நிறத்தைச் சுற்றிச் சுற்றி நகர்ந்தது ஒரு நீளமான கனவு. லென்ஸ் போய் உட்கார்ந்ததும் சிவந்த வெளிச்சம் சுத்தமாக எழும்பியது. நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பெஞ்சில் வரிசையாகக் கட்டுப் பிரித்துக்கொண்டே வந்தேன். மலைக்காரம்மாவின் முறை வந்தது. நர்ஸ் பஞ்சை எடுத்து, பிசின் துடைத்து, "கண்ணத் தெறங்க" என்றாள். அவள் திறக்கவில்லை. இறுக்கி மூடிக்கொண்டாள்.

"திறம்மா."

முகமெல்லாம் சுருங்க இன்னும் இறுக்கினாள். எனக்குத் திக்கென்றது. புதுப் புண் உள்ள கண்ணை இப்படி நெரித்தால் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கும். ஒருவேளை சீழ் வைத்து வலியில் மூடுகிறாளோ என்று இன்னொரு பயம். வலிக்கிறதா என்றேன். இல்லை என்றாள். கூசுகிறதா என்றேன். இல்லை என்றாள். "அப்புறம் என்ன கேடு உனக்கு? ஒரே கண்ணை வெச்சிக்கிட்டு விளையாடறியா?" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த மற்றவர்கள் தாங்களாகவே கண்களை அகலத் திறந்தார்கள். அவள் மட்டும் திறக்கவில்லை.

"எதுருல யாரு கீறாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"நீ தள்ளிப் போ. ஒரு மொகம் பாக்கற கண்ணாடி குடு. இல்லாட்டி ஒரு மாட்டக் கொண்டாந்து நிறுத்து."

போச்சுடா என்று நினைத்தேன். புத்தி பேதலித்துவிட்டதோ? அப்போதுதான் மகள், தாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து, நடந்ததைச் சொன்னாள்.

வலது கண்ணுக்குப் பல வருஷத்துக்கு முன்னால் கீழே எங்கோ ஒரு முகாமில் அறுவை நடந்திருக்கிறது. லென்ஸ் இல்லாத காலம், சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். "கட்டு அவுக்கறப்ப எங்கப்பாதான் எதுருல நின்னுக்கினு இருந்தாரு. கண்ணு தெரிதா, நான் யாரு சொல்லுன்னு சிரிச்சிக்கினே கேட்டாரு. மொத மொதல்ல அவரத்தான் பாத்துச்சி. அடுத்த அமாவாச வரல, காய்ச்சல் கண்டு செத்துட்டாரு." மலைக்காரம்மா கண்ணாடியைப் பள்ளத்தில் வீசியிருக்கிறாள். சொட்டு மருந்தை நிறுத்தியிருக்கிறாள். கண் சிவந்து, சீழ் வைத்து, வெள்ளையாகிற வரை யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு இடது கண்ணிலும் பார்வை மங்க மங்க, பெற்ற மகளை எதிரே வந்து நிற்கவே விட்டதில்லை.

எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைத்தால் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் எதிரே ஒரு மனுஷன் நிற்கமாட்டான். முதல் பார்வை உக்கிரம். அதைக் கண்ணாடியில் வாங்குவார்கள், இல்லையென்றால் கன்றோடு பசுவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிறகுதான் சனம் முன்னால் வரும். இவள் தன் கண்ணையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள். என்மேல் வீம்பு பிடித்து மூடிக்கொண்டிருக்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் மூடிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் தன் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினாள். வாங்கி மலைக்காரம்மாவின் கையில் கொடுத்தேன். அவள் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, இதான். எம் மேலயே வுழட்டும். நான் இருந்து இன்னா ஆவப் போவுது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நேற்று இந்தக் கண்ணில் லென்ஸை வைத்தவள் நான், அதன் முதல் வேலை இவளைச் சாகடிப்பதா? கண்ணாடியைப் பிடுங்கி நர்ஸிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன்.

"என்னைப் பாரு."

"மாட்டேன்."

"பாருன்னா பாரு. எனக்கு எதுவும் ஆகாது."

"ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும். நானும் ரொம்ப நாளா லீவு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இப்ப நீ திறக்கலைன்னா இங்கேயே உட்கார்ந்திருப்பேன், வாசல்ல நிக்கற கூட்டம் பூரா உன்னைத்தான் ஏசும்."

பனி தாழ்வாரத்துக்குள் வந்துபோனது. ஆலையின் வாசனை. பெஞ்சில் ஒருவர் இருமினார். பிறகு அந்த இமை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. டார்ச்சை அடித்தேன். சுத்தமான கண். சீழ் இல்லை, பிதுக்கம் இல்லை, லென்ஸ் அதன் இடத்தில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இம்மாங் குட்டையா? சத்தம் மட்டும் அம்மாம் பெருசாப் போடற" என்றாள். பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. அடுத்த நொடியே தலையைக் குனிந்துகொண்டாள். வேறு ஒருவரையும் பார்க்கவில்லை. மகள் முகத்தைப் பார் என்றேன், கேட்கவில்லை.

"அமாவாச போவட்டும். நீ நல்லா இருக்கறத வந்து பாத்துட்டு, அப்பறமா மத்தவங்களப் பாக்கறேன்."

"சொட்டு மருந்து?"

"நீ நல்லா இருக்கிற வரைக்கும் வுட்டுக்கினு வரேன்."

சொன்னால் செய்கிறவள் என்பதற்கு அவள் வலது கண்ணே சாட்சி. தரையைப் பார்த்தபடி படியிறங்கினாள், மகள் பின்னால் போனாள். எனக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த அமாவாசைவரை நான் நோய் நொடி இல்லாமல் இருந்தாக வேண்டும். எனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அந்தக் கண் போய்விடும்.

நான் நன்றாக இருக்கிறேன் என்பது மலைமேல் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அதற்கும் ஏற்பாடு இருந்தது. சந்தை நாளில் அவளுடைய மருமகன், அதாவது அந்த மகளின் புருஷன், புளி மூட்டையோடு மலையிறங்குவான். மூட்டையைச் சந்தையில் போட்டுவிட்டு நேரே என் வாசலுக்கு வருவான். உள்ளே வரமாட்டான். கதவோரம் நின்று என்னையே பார்ப்பான்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

"சாப்பாடெல்லாம் எறங்குதா?"

"நல்லா இறங்குது."

"எங்க, கொஞ்சம் நட."

நடந்து காட்டுவேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். காத்திருக்கிற கூட்டம் யார் அது என்று கேட்கும். எனக்கு வைத்தியம் பார்க்கிறவர் என்பேன். விளையாட்டுக்குச் சொன்னாலும் அந்த நாட்களில் நான் நிஜமாகவே பயந்து பயந்து வாழ்ந்தேன். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தேன். மழைத்தூறலில் நனையவில்லை. அவன் வாசலில் நிற்கும்போது ஒருமுறை தும்மல் வந்து, மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கண்ணைப் பார்த்துக்கோ, உடம்பைப் பார்த்துக்கோ என்று கத்தினவள் என் உடம்பை முதல்முறையாக அப்போதுதான் கவனித்தேன். மதியத்தில் ஊர் வெயிலில் கிறங்கிக் கிடக்கும்போது ஜன்னல் வழியாகத் தூரத்து மலையைப் பார்ப்பேன். நீலமாக, பாதி மேகத்துக்குள் இருக்கும். அங்கே ஒருத்தி தலையைக் குனிந்தபடியே களி கிண்டிக்கொண்டும், விறகு பொறுக்கிக்கொண்டும், எனக்காக யாரையும் பார்க்காமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு தினுசான பாரம் அது. ஆனால் பிடித்திருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் மெட்ராஸ் ஐ வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து, பள்ளிக்கூடம், சந்தை, கருணாபுரம் என்று ஊரே கண் சிவந்து கிடந்தது. பாதிப்பேர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். அதைவிட எரிச்சல், எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள். பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமாம்! வாத்தியார், தாலுகா ஆபீஸ்காரர் எல்லாரும் அப்படித்தான். "பார்த்தா வராதுய்யா, தொட்டாத்தான் வரும்! கையைக் கழுவு! பார்த்தா வரும்னா எனக்குப் பொறந்ததிலேர்ந்து வந்திருக்கணும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கையையும் ஓயாமல் கழுவினேன். எல்லாம் செய்தும், அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் எழுந்தால் இமைகள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. தண்ணீர் விட்டுப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம்.

சனியனே, இன்னும் ரெண்டு நாள் பொறுக்கக்கூடாதா என்று கண்ணாடியைப் பார்த்தே திட்டினேன். பிறகு ஆஸ்பத்திரியை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, பின்கட்டில் இருக்கிற என் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மலைக்காரம்மா வந்தால் நான் வெளியூர் போயிருக்கிறேன், ஜோராக இருக்கிறேன் என்று சொல் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நர்ஸும் சரி சரி என்றாள்.

அமாவாசைக்கு மறுநாள் அவர்கள் வந்தார்கள். நான் ஜன்னலோரம் ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தேன். அவள் குரல் கேட்டது. "எங்க அந்தக் கூவற அம்மா?" நர்ஸ் பாவம், நல்லவள்தான், பொய்தான் வராது. "டாக்டரம்மாவுக்கு ஒடம்பு சரியில்லிங்க, படுத்துக்கினு இருக்காங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். வெயில் கண்ணாடியையும் தாண்டிக் குத்தியது. முற்றத்தின் அந்தக் கோடியில் மலைக்காரம்மா நின்றாள், தலை குனிந்து. மகள் வழக்கம்போல அவள் முதுகுக்குப் பின்னால். நான் இந்தக் கோடியிலேயே நின்றேன்.

"இதோ இருக்கேன் பாரு! கல்லு மாதிரி இருக்கேன். கிட்ட மட்டும் வராதே."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அந்தக் கண்ணாடியக் கழட்டு" என்றாள்.

"வெயில் கூசுது."

"கழட்டு நீ."

பொய் சொல்லி நிற்க எனக்கும் தெரியாது. கழற்றினேன். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த என் இரண்டு சிவந்த கண்களையும் அவள் தன் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு, இன்று ராத்திரி சொட்டு மருந்து பாட்டில் பள்ளத்துக்குப் போகிறது என்று நினைத்தேன். என்ன சொன்னால் நம்புவாள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவள்தான் பேசினாள். "பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கறவனுக்கும் இப்பிடித்தான் கீதாம்."

"ஆமாம்."

"டீ ஆத்தறவனுக்கும் கீதாம். வாசல்ல குந்திக்கினு இருக்கறவங்க அம்மாம் பேருக்கும் கீதாம். தலய குனிஞ்சிக்கினே அவங்க பேசறதக் கேட்டுக்கினு வந்தேன், போன வாரத்துலேர்ந்து ஊரே செவந்து கெடக்குதாமே."

"ஆமாம்மா. ஊருக்கே வந்திருக்கு."

"நான் மலையிலதான இருந்தேன்" என்றாள். அதை எனக்குச் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே தனக்குத்தானே சொன்னாள். "நான் இவங்கள யாரயும் பாக்கவே இல்லியே."

காற்று நின்றிருந்தது. முற்றத்தில் உலர்த்தியிருந்த பச்சைத் துணிகள் அசையாமல் தொங்கின.

"அவுரு போனப்பவும் மலையில வூட்டுக்கு வூடு காய்ச்சல்" என்றாள் மெதுவாக. "பக்கத்து வூட்டுல ரெண்டு சாவு. அவங்கள நான் எங்க பாத்தேன்? நான் எங்க பாத்தேன்?"

மகள் பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டாள். மலைக்காரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே அப்படியே திரும்பினாள். இத்தனை வருஷம் பின்னாலேயே நின்ற மகள், பழக்கத்தில், அவளோடு சேர்ந்து இன்னும் பின்னால் நகரப் பார்த்தாள். தாய் விடவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணுக்கு நேரே இழுத்து வைத்துக்கொண்டாள். நெற்றி, கன்னம், காது என்று நிதானமாகப் பார்த்தாள். நர்ஸ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஏற்கெனவே கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னாடி இது" என்றாள் மலைக்காரம்மா. "உனுக்கு நரைச்சிப் போச்சே."

"அது எப்பவோம்மா" என்றாள் மகள்.